எழுபத்தைந்து மீற்றர்

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையில்,
மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அறை.
ரயில் வந்தால் தளம் நடுங்கும்.
டொக்டர் பஸ்மியா கம்பியை உயர்த்திப் பிடிப்பார்.
பாணந்துறைப் பெட்டிகள் அத்தனையும் போய் முடியும்வரை
யாரோ ஒருவரின் கழுத்து காத்துக் கிடக்கும்.

என் வேலை புகையைப் பிடிப்பது.
தோலிலிருந்து இரண்டு விரல் தள்ளி
உறிஞ்சுகுழாயை நீட்டிக்கொண்டு நிற்பேன்.
எல்லாம் உள்ளே போகாது. கொஞ்சம் என் தலைமுடியில் தங்கும்.
இரவுச் சாப்பாட்டில் மகன் கேட்பான்,
"இண்டைக்கு யாரம்மா?"

கல்யாணத்துக்கு முன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு பெண்கள்.
சவரக்கத்தி வெட்டிய பாலுண்ணியோடு ஒரு பஸ் நடத்துனர்.
இமையோரத்து மருவோடுதான் எல்லாரும் பேசுகிறார்கள்,
என்னோடு இல்லை என்றார் வங்கிக் காசாளர் ஒருவர்.

செவ்வாய் மாலை வந்தவர் மடுத்தீன்.
கொட்டாஞ்சேனை. வயது அறுபத்தொன்பது.
கழுத்தைச் சுற்றிப் பதினொன்று.
சிலுவைச் சங்கிலி கொளுவிக் கொளுவி
பூசைச் சேர்ட்டின் கொலரில் இரத்தப் பொட்டு.
சங்கிலியைக் கழற்றுவதா, மருவைக் கழற்றுவதா என்று
ஆறு வருஷம் யோசித்தாராம்.

"நெஞ்சில பேஸ்மேக்கர் இருக்கா?"
படிவம் கேட்டது, நான் கேட்டேன்.
"இல்லைப் பிள்ளை. நெஞ்சு மட்டும்தான்."

விறைப்பூசி போட்டாயிற்று.
முதுகுக்குக் கீழே தகட்டைச் செருகினேன்.
"இது என்ன?"
"அன்டெனா, ஐயா."
படுத்தபடியே சிரித்தார். வயிறு குலுங்கித் துணி நழுவிற்று.
"எத்தனை மெகாஹேர்ட்ஸ்?"
இதுவரை யாரும் கேட்டதில்லை.
டொக்டர் மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.
நாலு.
"அப்ப சிற்றலை. எழுபத்தைந்து மீற்றர்"
என்றார், தன் வீட்டிலக்கத்தைச் சொல்வதுபோல.

ஏக்கலையில் முப்பத்தொரு வருஷம் பரப்பிகளோடு இருந்தவர்.
பாட்டையும் செய்தியையும் மரண அறிவித்தலையும்
கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டு
வால்வுச் சூட்டில் பாண் வாட்டித் தின்றவர்.
"அங்க கோபுரத்தால போகும். இங்க
ஊசிமுனையால. அவ்வளவுதான்."

மிதி அழுந்தியது. முதலாவது.
சின்னச் சீறல். வெண்புகை நூலாய் எழும்பி
என் குழாய்க்குள் வளைந்தது.
மடுத்தீன் மூக்கைச் சுருக்கினார்.
"தெரியும் இந்த மணம்."
துணிக்குள்ளிருந்து கையை நீட்டினார்:
சுட்டுவிரல் நுனியில் மிளகளவு வெள்ளை.
எழுபத்தெட்டில், கவனமில்லாமல்,
அன்டெனாவுக்குப் போகும் கம்பியைத் தொட்டதாம்.
வெளியே ஒரு புள்ளி. உள்ளே எலும்புவரை.
"முதல்ல நோகவே இல்லை. பயமே அதுதான்."

டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
திருகியை ஓர் எண் குறைத்துவைத்தார்.

இடையில் ஒரு ரயில்.

ஏழாவது மற்றவைபோல் இல்லை.
கறுத்து, ஓரம் கலைந்து.
அதைச் சுடவில்லை. கத்தியால் எடுத்துப் போத்தலில் இட்டு
பெயரெழுதச் சொன்னார். எழுதினேன்.
ஏன் என்று மடுத்தீன் கேட்கவில்லை.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு
எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

முடிந்தபோது பஞ்சுத்துணியில் பத்து,
கராம்பு நெட்டிகள்போல.
"திரும்ப வருமோ?"
"இது வராது. வேற வரலாம்."
"அப்படிச் சொல்லுங்கோ" என்று
சங்கிலியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.
கதவைப் பிடித்தபடி என்னிடம்,
"கீழ ஒரு ரேடியோ. நீங்கள் மிதிக்க மிதிக்க
கரகரக்குது. கவனிச்சனீங்களோ?"

இல்லை.
ஐந்து வருஷமாய் மருந்துக்கடைச் சிவபாதம்
அதன் மண்டையில் தட்டிக்கொண்டிருக்கிறார்,
பற்றரியையும் மழையையும் திட்டியபடி.

இன்று வியாழன். போத்தலுக்குப் பதில் வரவில்லை.
கட்டிலில் வேறொருவர், கமக்கட்டில் மூன்று.
மிதி அழுந்துகிறது.
புகையைப் பிடித்தபடி தளத்துக்குக் காது கொடுக்கிறேன்.
கீழே மரண அறிவித்தல்.
ஒரு பெயர் நடுவில் கருகி
அடுத்த எழுத்தில் தொடர்கிறது.